இருளாயிக்கு ஒரு சுவர்

எழுபத்தொன்பதில், ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு அறைகள். ஒன்றில் நானும் என் மனைவி மங்களமும் படுத்தோம். மற்றதான பின்னறையில் துணி குடியிருந்தது. ஈப்போவில் எந்தத் தையல்காரர் கத்திரியைத் திறந்தாலும் மிச்சத் துண்டு என் சைக்கிள் கூடையில்தான் விழும். பாத்தேக் பூத்துணி, பள்ளிக்கூட நீலம், கல்யாணப் பட்டு என்று தரையிலிருந்து கூரை வரைக்கும். ஒரு திங்கட்கிழமை உள்ளே போன பூனை வெள்ளிக்கிழமைதான் வெளியே வந்தது. கூடவே இன்னொரு கிழட்டுப் பூனையும் வந்தது. அது எப்போது உள்ளே போனது என்று எங்களுக்குத் தெரியாது.

அந்தத் துண்டுகளை ஒட்டுத் தைத்துப் போர்வையாக்குவது என் வேலை. வேலை என்றால், தொடங்குவது. சிவப்பில் நாலு வரிசை தைப்பதற்குள் பச்சையின் மேல் கை போய்விடும். பச்சையில் இரண்டு வரிசை, பிறகு கோடு போட்டது. அப்படிப் பதினேழு போர்வைகள். ஒன்றும் முடியவில்லை.

ஒரு புதன்கிழமை, சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து என் தங்கை இருளாயி சொல்லி அனுப்பினாள். தோட்டம் விற்றாயிற்று, குடியிருக்கும் லயத்தை இடிக்கிறார்கள், சனிக்கிழமை வருகிறாள். புருஷனை இழந்தவள். எங்களை விட்டால் அவளுக்கு ஆளில்லை.

“துணியத் தூக்குங்க. இல்லாட்டி பழைய சாமான் லோரிய வரச் சொல்லிடுவேன்” என்றாள் மங்களம்.

“எங்க வைக்கிறது?”

“ஒங்க தலையில வச்சுக்குங்கலா!”

அன்று முழுக்க எனக்கு உட்கார முடியவில்லை. ஒரு மூட்டையை வாசலுக்குக் கொண்டுபோவேன், மனசு கேட்காமல் உள்ளே கொண்டுவருவேன். எதிர்வீட்டுப் பழனியப்பன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “அண்ணே, வீடு மாறிப் போறீங்களா, குடி வாரீங்களா?” என்று கேட்டான்.

வியாழக்கிழமை காலையில் வழி பிறந்தது. பதினேழு அரைகுறைகளையும் ஒன்றாகத் தைத்து ஹாலின் குறுக்கே தொங்கவிட்டால் இருளாயிக்கு ஓர் அறை! மெஷினை மிதித்த மிதியில் அது சூடேறி, மங்களம் அதன்மேல் அப்பளம் சுட்டெடுத்தாள். வெள்ளிக்கிழமை உத்தரத்தில் ஆணியடித்துச் சுவரை மாட்டினேன்.

இருளாயி தகரப் பெட்டியோடு வந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

“அண்ணே, அண்ணி பக்கம் பூவும் கொடியுமா இருக்கு. எம்பக்கம் நூலும் முடிச்சுமா தொங்குது. நான் என்ன பின்பக்கத்துக்காரியா?”

“அப்படின்னா திருப்பிப் போடுங்க” என்றாள் மங்களம். “வீட்டுக்காரி நான், நூலப் பாத்துக்கிட்டே சோறு திங்கிறேன்.”

அன்றைக்குச் சுவரை ஐந்து தடவை திருப்பினேன். ஆறாவது தடவை ஏணியில் ஏறும்போது இருளாயி பெட்டியை வாசலில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். பெட்டியை அவள் இன்னும் திறக்கவே இல்லை.

“சண்ட வேணாண்ணே. கோயில் பக்கம் எங்கயாச்சும் படுத்துக்கிறேன்.”

“ரெண்டே நாளு பொறு ஆத்தா” என்றேன்.

மறுபடி மெஷினில் உட்கார்ந்தேன். சுவரின் பின்பக்கத்துக்கும் ஒரு முகம் தைக்க வேண்டும். இந்த முறை சிவப்பா பச்சையா என்று அலைய நேரமில்லை. வாசலில் பெட்டி இருந்தது. ஒரு கை தைக்க, மறு கை பின்னறையிலிருந்து துணியை இழுத்துக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை மத்தியானம் இன்னும் ஒரு துண்டுக்காகக் கையை நீட்டினேன். கையில் சிமெண்டுத் தரை தட்டுப்பட்டது.

அறை காலி. அதற்கு ஒரு ஜன்னல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இருளாயி எழுந்து வந்தாள். பெட்டியை இழுத்துக்கொண்டுபோய் அந்த ஜன்னலடியில் வைத்துத் திறந்தாள்.

“அப்ப ஹால்ல இந்தச் செவுரு எதுக்கு? கழட்டுங்க” என்றாள் மங்களம்.

கழற்றினோம். மூன்று பேரும் ஏறி மிதித்து நாலாக மடித்தோம், எட்டாக மடித்தோம். அலமாரியில் நுழையவில்லை. கட்டிலடியில் வைத்தால் கட்டில் எழுந்து நின்றது. அது கொள்கிற இடம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். மூவரும் அந்தப் பக்கம் திரும்பினோம். உடனே இருளாயி ஓடிப்போய் அறை வாசலில் நின்று, நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டாள்.

“வாங்க அண்ணி, பாப்போம்” என்றாள்.

மங்களம் அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஏணியை மறுபடி ஹால் உத்தரத்தடியில் இழுத்துப் போட்டு, ஆணிகளை ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தாள்.