மூன்றாம் நாள் எலிகள்

கொழுப்புத் தீனி போட்ட எலிகள் பட்டப்பகலில் தின்கின்றன என்று தவசிமுத்து வந்து சொன்னபோது உமைமாவுக்கு எரிச்சல்தான் வந்தது. எலி ராத்திரியில் தின்னும், பகலில் தூங்கும். அதுவும் தீனியை மாற்றி மூன்றே நாள்தான் ஆகியிருந்தது.

தவசிமுத்து, ராயபுரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியின் எலிக்கூடத்தைப் பதினெட்டு வருடமாகப் பார்த்துக்கொள்பவர். நூற்றுப்பத்து கிலோ எடை. உமைமா தண்டையார்பேட்டைப் பெண். 2009-இல் முனைவர் பட்டத்துக்காக அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்தாள். எட்டு வாரம் கொழுப்பு கொடுத்து, எலிகள் குண்டான பிறகு அவற்றின் மூளையில் அழற்சி இருக்கிறதா என்று பார்ப்பது அவள் திட்டம்.

"எடை போட்டுப் பாத்துட்டேன் மா. ஒரு கிராம்கூட ஏறல. பசி மட்டும் மாறிக்கீது" என்றார் தவசிமுத்து.

உமைமா பேனாவைக் கீழே வைத்தாள். உடம்பு பருத்த பிறகுதான் மூளை கெடும் என்று அவள் நினைத்திருந்தாள். மூளை முதலில் கெட்டால்?

பேராசிரியர் செங்கொடியிடம் ஓடினாள். அவர் யோசித்து யோசித்து, மூன்றாம் நாளிலேயே மூளையை எடுத்துப் பார்க்கக் கொழுப்பு தின்ற எலி ஆறு, சாதாத் தீனி தின்ற எலி ஆறு, அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று அனுமதி கொடுத்தார்.

அடுத்த வாரம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் எடுக்கவில்லை. மூளைக்குள்ளேயே காவல் செல்கள் உண்டு. கிருமியோ காயமோ வந்தால் அவை பருத்துக் கிளம்பும். சாதாத் தீனி எலிகளில் அவை மெலிந்து, தள்ளித்தள்ளி இருந்தன. கொழுப்பு தின்றவற்றில், பசியை ஆளும் அந்தச் சின்ன இடத்தில் மட்டும், தடித்துப்போய் நெருக்கியடித்து நின்றன. கிருமியும் இல்லை, காயமும் இல்லை. மூன்று நாள் தீனிதான்.

செங்கொடி வந்து பார்த்தார். நீ பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்திருக்கிறாய், அடையாளத்தை மறைத்துவிட்டுச் செல்களை எண்ணு என்றார். தவசிமுத்து மூளைச் சீவல் இருந்த ஒவ்வொரு கண்ணாடித் துண்டின் எண்ணையும் காகிதம் ஒட்டி மறைத்து, மேலே வேறு எண் எழுதி, எது எந்த எலி என்ற பட்டியலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். உமைமா இரண்டு நாள் உட்கார்ந்து எண்ணினாள். சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பியது.

சனிக்கிழமை காலை பட்டியலைப் பிரித்தார்கள். எண்ணிக்கையை வைத்து, எது கொழுப்பு தின்ற எலி என்று பன்னிரண்டில் பதினொன்றைச் சரியாகச் சொல்லியிருந்தாள். ஒன்று தவறு என்று அவள் முகம் சுருங்கியது. செங்கொடி சிரித்துவிட்டார்.

"பன்னெண்டும் சரியா வந்திருந்தாத்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். இது நிஜம், உமைமா."

அவளுக்கு அறைக்குள் நிற்க முடியவில்லை. தவசிமுத்துவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"டாக்டருங்க வாயக் கட்டு, வாயக் கட்டுன்னுகினே கீறாங்க. வாயி இன்னா மா பண்ணும், மேல இப்டி வீங்கிக்கினு இருந்தா?"

எலிக்குத்தான் இப்போது தெரியும், மனிதர்களுக்கு இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்று அவள் கவனமாகச் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுக் கேட்டார்:

"சாதாத் தீனியே திரும்பப் போட்டா இது அடங்குமா?"

செங்கொடி திட்டத்தாளை எடுத்துப் புரட்டினார். திட்டத்தில் அந்தக் கேள்வியே இல்லை. அன்று மத்தியானமே மேலும் ஆறு எலிகளைக் கொழுப்புத் தீனியில் விட்டு, மூன்று நாள் கழித்துச் சாதாத் தீனிக்கு மாற்றினார்கள்.

நான்கு வாரம் கழித்து எண்ணிப் பார்த்தபோது தடித்த செல்கள் பாதிக்கும் கீழே குறைந்திருந்தன. உமைமா இரண்டிரண்டு படியாகத் தாவி எலிக்கூடத்துக்கு இறங்கினாள். அடங்குது அண்ணே என்பதற்கு மேல் அவளுக்கு மூச்சு வரவில்லை. தவசிமுத்து கையிலிருந்த தீனிச்சட்டியை வைத்துவிட்டு, கூண்டுகள் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

கட்டுரையில் அவர் பெயரை மூன்றாவதாகப் போட வேண்டும் என்று செங்கொடி சொல்லிவிட்டார். உமைமா அதைச் சொன்னபோது, இனிஷியலை விட்டுவிடாதே என்றார் தவசிமுத்து.