பதினொரு நாள் நாற்பத்திரண்டு

மழை நின்று மாசக்கணக்கான பிறகும் ஆறு ஓடுகிறதென்றால், அது மண் சேர்த்து வைத்த தண்ணீர். ஆறு மெதுவாக வற்றினால் நிலத்தடியில் நிறைய இருக்கிறது. மளமளவென்று வற்றினால் அடியில் ஒன்றுமில்லை. ஆற்றோரம் எத்தனை ஆழ்துளைக் கிணறு போடலாம் என்று பொறியாளர் இப்படித்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கையில் முப்பது வருஷத்து நீர்மட்டப் பதிவேடுகள், எல்லாம் ஒரே ஆள் தினமும் அளந்து எழுதியவை. அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ‘அளவுகோல்’தான்.

ஒரு கோடையில் மட்டும் இடித்தது. பதினொரு நாள் ஆறு நாற்பத்திரண்டு சென்டிமீட்டரிலேயே நின்றது. எந்த ஆறு இப்படி அடம்பிடித்து நிற்கும்? இருப்பதிலேயே வறண்ட வருஷம் வேறு. கணக்கே அதன் தலையில்தான் நிற்கிறது. அந்த எண்ணை நம்பினால் இருபது கிணறு, நம்பாவிட்டால் எட்டு. இருபதைப் போட்டு ஆறு வற்றிவிட்டால் ஊரே தொண்டை காய்ந்து நிற்கும்.

“இருபதுன்னே போடும்மா, எல்லாருக்கும் சந்தோஷம்,” என்றார் மேலதிகாரி. “அந்த ஆள் புளுகியிருக்கார்னா முப்பது வருஷமும் குப்பைதான்.”

அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு மனிதரின் முப்பது வருஷத்தை அப்படித் தூக்கிக் குப்பையில் போட முடியுமா? பதிவேட்டை இடுக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்விட்டாள்.

ஓய்வுபெற்ற அளவுகோலுக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

“எண்ணுக்குக் கீழே பாரும்மா.”

பதினொரு எண்ணுக்கும் கீழே கடுகளவு பென்சில் புள்ளி.

“அன்னிக்கெல்லாம் ஆத்துப் பக்கமே போகல. கட்டத்தைக் காலியா விட்டா வேலை போயிடும். அதான் குத்துமதிப்பா ஒரே எண்ணை எழுதிட்டு, புள்ளி வச்சேன். யாராவது வந்து கேப்பாங்கன்னு இருந்தேன். ஒருத்தரும் கேக்கல.”

அவள் மற்றப் பக்கங்களைப் புரட்டினாள். ஆறு நாளுக்கு நாள் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தது. புள்ளி எங்கும் இல்லை. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

“பதினொரு நாளை மட்டும் எடுத்துடறேன், ஐயா. மீதி அப்படியே நிக்கும். எட்டுக் கிணறுதான்.”

தண்ணீர் கொண்டுவந்த அவர் மனைவி தேதியை எட்டிப் பார்த்தாள்.

“இது நான் ஆபரேஷனாகி ஆஸ்பத்திரியில கிடந்த நாளாச்சே! தினம் காலைல ஆத்துக்குப் போய் அளந்துட்டு வந்தேன்னுதானே சொன்னீங்க?”

“நான் வேலைக்குப் போகலைன்னு தெரிஞ்சா, உனக்கு ரொம்ப முடியலையோன்னு பயந்துடுவேன்னுதான் அப்படிச் சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நான் நகரவேயில்லை.”

தம்ளரைக் கீழே வைக்கக்கூட மனைவிக்குத் தோன்றவில்லை.

“பொண்டாட்டி சாகக் கிடந்தப்பவும் உங்களுக்கு ஆறுதான் பெருசா இருந்துச்சுன்னு எத்தனை வருஷமா குத்திக்காட்டிட்டிருக்கேன்,” என்றாள். “ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?”