மண்டபத்தில் பறித்த தட்டு

அஞ்சலாவுக்குப் பத்தொன்பது வயதில் தலைக்குள் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பார்வை மங்கிக்கொண்டு வந்தது. கண்ணாடிக் கடைக்காரர்தான் சந்தேகப்பட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததும் ஜேர்மனியின் டுசல்டோர்ஃபில் இருந்த தமிழ்க் கத்தோலிக்கர்கள் நன்றிப் பூசை வைத்தார்கள். தகப்பன் ஜேசுரட்ணம் முழந்தாளிட்டு அழுதார்.

பசி அதற்குப் பிறகுதான் வந்தது.

சோறு, பாண், உறைந்து கிடந்த மீன் கட்லட் என்று கையில் அகப்பட்டதைத் தின்றாள். தின்று கை கழுவும்போதே பசியில் வயிறு எரிகிறது என்றாள். வருடம் முடிவதற்குள் பழைய உடுப்பு ஒன்றும் அவளுக்குப் பொருந்தாமல் போயிற்று.

டொக்டர் படம் கீறிக் காட்டினார். வயிறு காலியானால் பசிக்கிறது என்று இரைப்பை ஒரு ஹோர்மோனை அனுப்பும். சாப்பிட்டால் குடல் வேறொன்றை அனுப்பும். உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு, இங்கே இருப்பு இருக்கிறது என்று லெப்டின் என்ற ஹோர்மோனை அனுப்பும். இவற்றையெல்லாம் வாங்கி முடிவெடுப்பது மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலமஸ் என்ற சின்ன இடம். கட்டி அதில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டியோடு அதுவும் சிதைந்துவிட்டது. இனி எவ்வளவு பருத்தாலும், தான் பட்டினி கிடப்பதாகவே அவளுடைய மூளை நினைக்கும்.

மனதை அடக்கினால் முடியாதா என்று ஜேசுரட்ணம் கேட்டார்.

"மூச்சை எவ்வளவு நேரம் அடக்குவீர்கள்?" என்று டொக்டர் திருப்பிக் கேட்டார்.

ஜேசுரட்ணத்துக்கு எல்லாம் விளங்கியது. விசாரித்த சொந்தக்காரர்களுக்குத் தமிழில் விளக்கமாக எடுத்தும் சொன்னார். ஆனால் ஒரு நாளும் அதை நம்பவில்லை. சமையலறையைப் பூட்டி வைக்கச் சொன்னது டொக்டர். மகளைக் 'கள்ளி' என்று திட்டுவதை ஜேசுரட்ணம் தானாகவே சேர்த்துக்கொண்டார்.

அவருடைய தமக்கை பேர்பெச்சுவாவின் மகனுக்குக் கிறெஃபெல்டில் கலியாணம். அஞ்சலா சாப்பாட்டு மேசைக்கு மறுபடியும் போய் நின்றாள். பின்னால் நின்ற பெடியன்கள் போனில் படம் எடுத்துச் சிரித்தார்கள். ஜேசுரட்ணம் அதைக் கண்டார். ஆனால் அவர்களிடம் போகவில்லை. நேரே மகளிடம் போய்த் தட்டைப் பறித்தார். புரியாணி அவளுடைய சேலையில் கொட்டியது.

"போதும், காணும்! மானத்தை வாங்காத."

மண்டபத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தாய் டொறத்தி ஓடி வந்தாள்.

"அப்பா, உங்களுக்குக் காணும் எண்டு ஆர் சொல்லுறது?" என்று அஞ்சலா கேட்டாள். "நீங்களோ அடக்குறியள்? உங்கட மூளை சொல்லுது. நீங்கள் கைகழுவுறியள். எனக்குச் சொல்ல அங்க ஒண்டும் இல்லை. வெட்டி எடுத்திட்டாங்கள்."

அடுத்த மாதமே அவள் வூப்பர்டாலுக்கு அப்பால் ஒரு விடுதிக்குப் போய்விட்டாள். அடங்காப் பசியோடு பிறந்தவர்களும் அவளைப் போன்றவர்களும் உதவியாளர்களோடு வாழும் இடம் அது.

மார்கழியில் ஜேசுரட்ணம் தனியே பார்க்கப் போனார். சாப்பாடு எதுவும் கொண்டுவரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வெறுங்கையோடு மகளுக்கு முன்னால் எப்படி இருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பயணத்தைப் பற்றிச் சொன்னார். மழையைப் பற்றிச் சொன்னார்.

"இப்ப பசி குறைஞ்சிட்டுதோ, பிள்ளை?"

"இல்லை. இப்பவும் பசிக்குது."

"நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டை வாவன். அம்மா பாத்துக்கொண்டிருக்கிறா."

"வரேலாது அப்பா. இஞ்சயும் குசினி பூட்டுத்தான். ஆனா எல்லாருக்கும் பூட்டு. ஒருத்தரும் என்னைக் கள்ளி எண்டு சொல்லுறேல்லை."

அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் மணி அடித்தது. சாப்பாட்டு நேரம். அஞ்சலா அவரை மறந்து எழும்பினாள். சாப்பாட்டறைக் கதவடியில் மற்றவர்களோடு போய் நின்றுகொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜேசுரட்ணம் வீட்டுக்கு வந்ததும் டொறத்தி வாசலிலேயே மறித்தாள்.

"பிள்ளை எப்பிடி இருக்கிறாள்?"

"கொஞ்சம் மெலிஞ்சிட்டாள்," என்றார்.

டொறத்தி அவரை உற்றுப் பார்த்தாள். "நான் அதையோ கேட்டனான்?"