ஒன்றரை மணி இருமல்

கண்டி பஸ் நிலையத்துக்கு எதிரே புடவைக்கடை வைத்திருந்த பொன்னுத்துரைக்கு, வாசலோரப் பில் மேசையில் இருந்த ஞானேஸ்வரியின் இருமலில் நம்பிக்கை இல்லை. தெல்தெனியவிலிருந்து காலையில் நன்றாகத்தான் வருவாள். பள்ளிக்கூடங்கள் விட்டு, வான்களும் பஸ்களும் கடைவாசலில் எஞ்சினை நிறுத்தாமல் நெருக்கியடிக்கும் ஒன்றரை மணிக்கு இருமத் தொடங்குவாள். கண் சிவக்கும்.

"மொதலாளி, நெஞ்ச அடைக்குதுங்க. வீட்டுக்குப் போகட்டுமா?"

அந்த மாதத்தில் அது ஐந்தாவது தடவை.

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று, அவள் ஊருக்குப் பக்கத்துத் திகனயில் ஒரு கல்யாணத்துக்குப் போன பொன்னுத்துரை, அவளை அங்கே கண்டார். இரண்டு கையிலும் பைகளோடு மேட்டில் விறுவிறுவென ஏறினாள். ஓர் இருமல் இல்லை. ஹாஷிம் என்ற வியாபாரி அங்கே புதிதாகத் திறந்த புடவைக்கடைக்குள் போய், அவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டு நின்றாள். என் ஆளைத் தன் கடைக்குக் கிளப்பப் பார்க்கிறான், இவளும் சாட்டுச் சொல்லி நடிக்கிறாள் என்று பொன்னுத்துரை முடிவு கட்டினார்.

மறுநாள் அவளைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். "பிள்ளை, நீர் மேல போய்ச் சாரியளை அடுக்கும். நான் இதில இருக்கிறன்" என்றார்.

மேல்மாடிக் களஞ்சியம் பின்பக்கம், மலையைப் பார்த்தபடி இருந்தது. மாலைவரை அங்கிருந்து இருமல் கேட்கவில்லை. நடிப்பைப் பிடித்துவிட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

இரண்டாம் நாள் அவருக்குத் தொண்டை கரகரத்தது. மத்தியானம் குடித்த மோரைச் சந்தேகித்தார். மூன்றாம் நாள் காற்றே இல்லை. இரண்டு மணிக்குக் கண்ணெரிந்து பில்லின் எழுத்துகள் கலங்கின. நெஞ்சை யாரோ கயிற்றால் இறுக்குவது போலிருந்தது. எழுந்தவர் மேசையைப் பிடித்தபடி சரிந்தார்.

சத்தம் கேட்டு ஓடி வந்த ஞானேஸ்வரிதான் அவரை உள்ளே இழுத்து, ஆட்டோ பிடித்து, வைத்தியரிடம் கொண்டுபோனாள். நாள் முழுக்க எங்கே இருக்கிறீர்கள் என்று வைத்தியர் கேட்டார். இடத்தைச் சொன்னதும், சுற்றிலும் மலை, காற்றில்லாத நாளில் வாகனப் புகை வெளியேறாது என்றார். வாசலில் இருக்கவேண்டாம் என்று சொல்லி இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த நாளே மேசை கடையின் உள்பக்கம் போனது.

"அந்த ஹாஷிமோட என்ன கதைச்சனீர்?" என்று கடைசியில் கேட்டுவிட்டார்.

"வேல கேட்டேங்க. அடுத்த மாசம் வரச் சொன்னாரு."

"இப்ப மேசையை மாத்தியாச்சே, பிள்ளை."

"நீங்க விழுந்த பெறகுதானே மாத்துனீங்க?"



அவள் வேலையை விட்டுப் போகுமுன் ஹாஷிமின் தொலைபேசி அழைப்பு வந்தது. "இந்தப் புள்ள அடிக்கடி லீவு போடுவாவாமே. நம்பி எடுக்கலாமா?"

பொன்னுத்துரைக்கு முகம் சுட்டது. "அது என்ர கடை வாசல் புகை. பிள்ளையில பிழையில்லை. நான்தான் நம்பேல்லை" என்றார்.