கீழிருந்து வரும் குளிர்

எனக்குக் குளிர் மேலிருந்து வருவதில்லை. கீழிருந்துதான் வரும். இதைச் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும்? மார்கழி விடியற்காலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, "என்னா பனி, என்னா பனி" என்பார்கள். எட்டு மணிக்கு வெயில் வந்ததும் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைப்பார்கள். அவர்களிடம் போய்ப் படுக்கையைப் பற்றி யோசனை கேட்டது என் தப்புதான்.

நான் சர்வே பார்ட்டியில் கலாசி. சங்கிலி இழுக்கிறவனும் நான்தான், புதர் வெட்டுகிறவனும் நான்தான், கூடாரம் அடிக்கிறவனும் நான்தான். பதினோரு வருஷமாக டெம்பரவரி. மழை விட்டதும் காட்டு எல்லை அளக்கக் கொடைக்கானலுக்கும் மேலே போய் முப்பது நாள் கூடாரத்தில் கிடக்க வேண்டும். போன வருஷம், அறுபதில், பதிமூன்றாம் நாள் காலையில் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பு மரக்கட்டையாகிவிட்டது. கம்பில் தூளி கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

இந்த வருஷம் கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னால் மேஸ்திரி ஆண்டிச்சாமி என்னைக் கூப்பிட்டார்.

"இந்தா பாரு ஆரோக்கியம். இந்தத் தடவையும் பாதியில எறங்குனேன்னா லிஸ்ட்ல உம் பேரு இருக்காது. முப்பது நாளும் நின்னுட்டேன்னா பெர்மனென்டுக்கு எழுதுறேன்னு ஆபீசர் சொல்லிருக்காரு. அம்புட்டுத்தான்."

நாற்பத்தாறு வயதில் இடுப்புச் செத்தவனுக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனைதான். எதன்மேல் படுப்பது?

வீட்டில் இந்தப் பேச்சையே எடுக்க முடியவில்லை. என் மனைவி செபஸ்தியம்மாள் சுருட்டுக் கம்பெனியில் சுருட்டுச் சுற்றுகிறாள். அந்தக் கூலியில் வருஷம் முழுக்கச் சேர்த்து, ஆயக்குடிப் பக்கத்தில் ஆடு மேய்க்கும் கீதாரி ஒருவரிடம் எனக்காக ஒரு கருங்கம்பளி வாங்கி வைத்திருந்தாள். கனமான கம்பளி. போர்த்தினால் ஆளே தெரியாது. நான் கம்பளி வேண்டாம், கீழே விரிக்கத்தான் நல்லதாக ஏதாவது வேண்டும் என்றேன்.

"ஊரெல்லாம் போத்திக்கிட்டுப் படுக்குது. இவரு மட்டும் விரிச்சுக்கிட்டுப் படுக்கப் போறாராம்" என்றாள்.

"தரை உறிஞ்சுதுடி. போத்துறதுக்கு ஒடம்புல சூடு இருந்தாத்தானே."

"அப்ப கம்பளிய விரிச்சுப் படுங்க."

"விரிச்சா எதப் போத்துறது?"

"அதத்தான் நானும் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு உலைக்கு அரிசி களைய எழுந்து போனாள். இப்படித்தான் தினமும் முடியும்.

படுக்கைகளின் கதையை நான் நன்றாக அறிவேன். கோரைப்பாய் மலைக்கு ஆகவே ஆகாது, வெறுந்தரையும் அதுவும் ஒன்று. வைக்கோல் திணித்த சாக்கு இரண்டு நாள் கதகதப்பாக இருக்கும். மூன்றாம் நாள் ரேஷன் கொண்டுவரும் மட்டக்குதிரை கூடாரத்துக்குள் தலையை விட்டு அதைத் தின்றுவிடும். நான் சொல்வது நடந்த விஷயம், தின்றது என் படுக்கையைத்தான். இலவம்பஞ்சு மெத்தை மேகமூட்டத்தைக் குடித்துக் குடித்து நாலாம் நாள் பிணம் மாதிரி கனக்கும். காய வைக்க வெயிலும் இருக்காது.

இந்த அலுப்பில் ஒரு மத்தியானம் பேகம்பூரில் மைதீன் பிச்சையைப் பார்க்கப் போனேன். ஐஸ் கம்பெனியில் வேலை. சோடாக் கடைகளுக்கு ஐஸ் ஏற்றி அனுப்புவார். சின்ன வயதிலிருந்து சிநேகம். அவர் ஐஸ் பாளங்களின்மேல் மரத்தூளைக் கொட்டிச் சாக்குப் போட்டு மூடிக்கொண்டிருந்தார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. சாக்குக்குக் கீழே ஐஸ் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. வெயிலின் சூட்டை ஐஸுக்குப் போகவிடாமல் தடுக்கிறதே, அது என் சூட்டைத் தரைக்குப் போகவிடாமலும் தடுக்குமே.

"மைதீனு, ஒரு பாளத்தக் கீழ போடு. நான் அதும்மேல படுத்துப் பாக்கணும்."

"என்ன மாப்ள, வீட்ல சண்டையா?"

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார், ஆனால் சரி என்றார். மறுநாள் படுக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போய் ஐஸ்மேல் விரித்துப் படுத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்தார். பீடிதான் கணக்கு. கோரைப்பாயில் அரைப் பீடிக்குள் இடுப்பு கத்தியது. இலவம்பஞ்சு ஒரு பீடி தாங்கியது. இடுப்பு அமுங்கிய இடம் மட்டும் தட்டையாகிக் குளிர் ஏறிவிட்டது. மரத்தூள் மூட்டை இரண்டு பீடி தாங்கியது, ஆனால் அதைத் தூக்க இன்னொரு கலாசி வேண்டும். ஐஸ் வாங்க வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். "பாவம், காச்சலோ" என்று ஒருவர் கேட்டார். எனக்கு எழுந்து அடிக்கத் தோன்றியது, ஆனால் பீடி பாதியில் இருந்தது.

"அமுக்குனாலும் எந்திரிச்சு நிக்குற சரக்கு வேணும் ஒனக்கு" என்றார் மைதீன் பிச்சை. "எங்க வீட்ல தோல் ஷாப்புல ரோமம் பறிக்கிறாக. செம்மறி ரோமம், சாக்கு சாக்காக் கெடக்கு. நாளைக்கு ஒரு சாக்குக் கொண்டாரச் சொல்றேன்."

அவர் மனைவி நஜ்முன்னிசா கொண்டுவந்து கொடுத்த ரோமத்தில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்பின் வாடை குடலைப் பிடுங்கியது. மூன்று தண்ணீரில் அலசிக் காயப்போட்டேன். இரண்டு சாக்குகளைப் பிரித்து, நடுவில் ரோமத்தைப் பரப்பி, அது ஓரத்துக்கு ஓடிவிடாதபடி கட்டம் கட்டமாகத் தைத்தேன். செபஸ்தியம்மாள் ஊசிகூட எடுத்துத் தரவில்லை. "ஆட்டுப்பட்டியில படுத்த மாதிரி இருக்கு வீடு" என்றாள். அந்தப் படுக்கை ஐஸ்மேல் மூன்று பீடி தாங்கியது. மைதீன் பிச்சைக்கு இருமல் வந்ததால்தான் நிறுத்தினோம்.

கிளம்புகிற அன்று கம்பளியை அவளே மடித்து என் மூட்டையில் வைத்துக் கட்டினாள். நான் எடுத்து வெளியே வைத்தேன். மறுபடியும் வைத்தாள். "எடுத்தீங்கன்னா நான் செத்தாலும் என் மொகத்துல முழிக்கக் கூடாது" என்றாள். நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

கொடைக்கானலில் லாரி நின்றுவிடும். அங்கிருந்து நடைதான். கருவிகளோடு அவரவர் மூட்டையையும் அவரவரே சுமக்க வேண்டும். அதனால் மேஸ்திரி தொங்கு தராசில் ஒவ்வொரு மூட்டையாக மாட்டிப் பார்ப்பார். இருபது ராத்தலுக்கு மேல் இருந்தால் எதையாவது எடுத்து லாரியில் திருப்பி அனுப்ப வேண்டும். என் மூட்டை இருபத்தேழு.

"ஆட்டு மூட்டைய எடுத்துப் போடு" என்றார் ஆண்டிச்சாமி.

நான் கம்பளியை எடுத்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "ஏலே, கம்பளியையா?" என்றார் அவர். ஆமாம், கம்பளியைத்தான். டிரைவரிடம் கொடுத்து, "வீட்ல போட்டுரு" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. உன் கம்பளி உனக்கே இருக்கட்டும் என்கிற வீம்பு அன்று எனக்குள் இருந்தது. அவளுக்குப் புத்தி வரட்டும் என்று நினைத்தேன். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஏனென்றால், எங்கள் பார்ட்டியில் ஒரு வழக்கம் உண்டு. மலையில் ஒருவன் விழுந்துவிட்டால் முதலில் அவன் மூட்டைதான் ஊருக்கு வரும். ரேஷன் இறக்கிய குதிரை காலியாகத்தானே திரும்புகிறது, அதில் போட்டுவிடுவார்கள். ஆள் பிறகு மெதுவாக வருவான். போன வருஷம் என் மூட்டை போய் ஒரு நாள் கழித்துத்தான் நான் வீட்டுக்கு வந்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெரு கஸ்பாரின் மூட்டை வந்தது, கஸ்பார் வரவில்லை. மேலேயே புதைத்துவிட்டார்கள். அவன் பெண்டாட்டி ரோஸ்மேரி அந்த மூட்டையை இன்றுவரை பிரிக்கவில்லை. பதினோரு வருஷம் இதே பார்ட்டியில் இருந்தவனுக்கு இது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

மேலே படுக்கை சொன்ன சொல் தவறவில்லை. கூடாரத்துக்கு வெளியே புல் வெள்ளையாக உறைந்து கிடந்தது. இரண்டு வேட்டி, ஒரு சாக்கு, போட்டிருக்கிற சட்டை, இவ்வளவுதான் எனக்குப் போர்வை. மூக்கும் காதும் விறைத்தன. ஆனால் இடுப்பு இடுப்பாகவே இருந்தது. நாலாம் நாள் காலையில் எழுந்து நானே முதலில் சங்கிலியை எடுத்தேன். கம்பளி போர்த்திப் படுத்தவர்களில் இரண்டு பேர் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

ஐந்தாம் நாள் சாயங்காலம், மூடுபனிக்குள் ரேஷன் குதிரைகளின் மணிச் சத்தம் கேட்டது. குதிரைக்காரனுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண்பிள்ளை நடந்து வந்தாள். சுங்குடிச் சேலை முழங்கால்வரை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. தோளில் கருங்கம்பளி இருந்தது. அதைப் போர்த்தாமல் மடித்தபடியே சுமந்து வந்தாள். கையில் ஒரு பை. நான் கையில் கொடிக்கம்போடு அப்படியே நின்றேன்.

செபஸ்தியம்மாள் என்னைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கிட்டே வந்து என் கையைப் பிடித்து, மணிக்கட்டை அமுக்கிப் பார்த்தாள். உதடு ஆடியது.

"ஏன்டி இம்புட்டுத் தூரம் வந்தே?"

"வாசல்ல கம்பளி கெடந்துச்சு" என்றாள். "வேலைக்குப் போயிட்டு வந்து பாக்குறேன், கம்பளி கெடக்கு. ஆரு போட்டதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. ரோஸ்மேரி வந்து பாத்துட்டு எங் கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா."

சமையல்காரர் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அவள் டம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். நான் அவள் தலையைத் துவட்டத் துண்டு எடுக்கலாம் என்று அவள் பையைத் திறந்தேன்.

துண்டு இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு நான் கட்டிய சரிகைக்கரை வேட்டி மடித்து இருந்தது. அதன்மேல் தேய்த்த வெள்ளைச் சட்டை. அதன்மேல் ஒரு ஜெபமாலை.

எங்கள் ஆட்களில் செத்தவனுக்கு உடுத்துவது இதுதான். கஸ்பாரைப் போட்டிருந்த துணியோடே புதைத்துவிட்டார்கள் என்று ரோஸ்மேரி சொல்லிச் சொல்லி அழுவாள். பஸ் பிடித்து, கொடைக்கானலில் விசாரித்து, குதிரைக்காரன் பின்னாலேயே ஒன்றரை நாள் இவள் நடந்து வந்தது எனக்கு உடுத்திவிடத்தான். நான் பையை மூடி வைத்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்ததை அவள் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அன்று அவளை ரேஷன் கூடாரத்தில் என் படுக்கையில் படுக்க வைத்துக் கம்பளியைப் போர்த்திவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் குளிர் நடுக்கம் நின்றது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"கீழ குளிரவே இல்லையேங்க" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"அதத்தானே அன்னைலேருந்து சொல்றேன்."

"சொன்னீங்க. ஆடு நாத்தம்தான் தாங்கல."

காலையில் அவள் குதிரைகளோடு இறங்க வேண்டும். கம்பளியை எனக்கு விட்டுவிட்டுப் போகிறேன் என்றாள். நான் ஆண்டிச்சாமியைப் பார்த்தேன். அவர் தராசு தொங்கிய பக்கம் திரும்பவே இல்லை. "அந்தம்மா சொமந்து வந்தது எங் கணக்குல வராது" என்று சொல்லிவிட்டுப் பல் விளக்கப் போனார்.

பையை எடுத்தவள் தயங்கி நின்றாள். "வேட்டியக் கொண்டு போகவா?"

"இருக்கட்டும். முப்பதாம் நாளு அதக் கட்டிக்கிட்டே வாரேன்."

தலையை ஆட்டினாள். கொஞ்சதூரம் போய்த் திரும்பி வந்தாள். "மூட்டைய முன்னால அனுப்பிறாதீங்க" என்றாள். அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

முப்பது நாளும் நின்றேன். கடைசி நாள் கொடைக்கானலில் லாரி காத்திருந்தது. டிரைவர் என் கையிலிருந்த மூட்டைக்குக் கையை நீட்டி, "பின்னால போடுங்கண்ணே, நான் வீட்ல எறக்கிர்றேன். நீங்க பஸ்சுல மெல்ல வாங்க" என்றான். நான் கொடுக்கவில்லை. வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு, இருபத்தேழு ராத்தலையும் மடியில் வைத்துக்கொண்டு, பஸ்சில் திண்டுக்கல்வரை உட்கார்ந்தே வந்தேன்.