பெருவிரல் பள்ளம்

நேரான டம்ளர் செய்ய யாருக்கும் ஒரு மாதம் போதும். அதைக் கோணலாக்கப் படிப்பதற்கு ஞானஜோதி நர்ஸின் மகள் ஷைலா மூன்று வருஷம் ஜப்பானில் இருந்துவிட்டு வந்தாள். விருதுநகரில் அவள் தெரு முழுக்க இதே பேச்சுதான். கல்யாணம் பேச வந்தவர்கள்கூட அலமாரிக் கோப்பைகளைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குக் கையில் ஏதும் கோளாறா என்று தணிந்த குரலில் விசாரித்தார்கள்.

கோளாறு கையில் இல்லை. அங்கே அவளுக்குச் சொல்லித் தந்தது அப்படி: பாதி நீ செய், மீதியை மண்ணும் நெருப்பும் பார்த்துக்கொள்ளும். அதற்காக அந்த ஊர் மண்ணை ஒன்றும் அவள் மூட்டை கட்டி வரவில்லை. சாத்தூர்க் கரிசலைச் சலித்துக் கரைத்துக் கோப்பைக்கு மேற்பூச்சாக்கினாள். சூளையில் அது தேன் நிறத்தில் உருகி வழிந்து, தனக்குத் தோன்றிய இடத்தில் நின்றது.

சூளைக்கு இடம் கிடைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. பட்டாசுச் சீமையில் ஆயிரத்து இருநூறு டிகிரி என்று சொன்னால் யார் வாடகைக்கு விடுவார்கள்? கரண்ட் சூளைதான், புகைகூட வராது என்று தாயில்பட்டி வரைக்கும் கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் நவநீதகிருஷ்ணன் அண்ணாச்சிதான் காலியாகக் கிடந்த குடோனைத் திறந்துவிட்டார்.

அந்த அண்ணாச்சி ஒருநாள் வந்து ஒரு கோப்பையை எடுத்துப் பார்த்தார். அதைச் செய்யும்போது போன் அடித்ததில் ஷைலாவின் விரல் அழுந்தி, விளிம்புக்குக் கீழே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அவருடைய பெருவிரல் அதில் போய்ச் சுகமாக உட்கார்ந்தது.

“தீபாவளிக்கு ஏஜெண்டுகளுக்குக் குடுக்க அறுநூறு வேணும்மா. பள்ளம் இதே இடத்துல இருக்கணும். முதத் தாளும் கடைசித் தாளும் ஒண்ணுபோல இருந்தாத்தான் அது அச்சு.”

ஒவ்வொன்றும் வேறாக இருப்பதுதான் இதில் அழகு என்று ஷைலா சொல்லிப் பார்த்தாள். அண்ணாச்சி தன் குடோனின் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். ஷைலா சரியென்றாள்.

உதவிக்கு இசைவாணி வந்தாள். விஸ்வநத்தத்தில் எட்டு வருஷம் வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டியவள். ஷைலா சக்கரத்தில் எழுப்பித் தரும் கோப்பைகளில் அவள் பள்ளம் போட்டால் நூறும் ஒரே இடம், ஒரே ஆழம். ஷைலா போட்டதுதான் அங்கே இங்கே தள்ளிப் போனது.

“குழா முன்னப்பின்ன இருந்தா அங்கன எடுக்க மாட்டாகக்கா. நீங்க விரலப் பாக்காதீக. தன்னால வந்துரும்.”

வந்துவிட்டது. வினையே அதுதான்.

அவள் படித்த ஜப்பான் ஊரில் பழைய மாணவர்களுக்கு ஒரு கண்காட்சி. மாதக் கடைசிக்குள் ஒரே ஒரு கோப்பை அனுப்ப வேண்டும். தவறினால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள். ஆர்டர் வேலை முடிந்த சாயங்காலங்களில் ஷைலா சக்கரத்தில் உட்கார்ந்தாள். மண் எழும்பும், அகலும், பெருவிரல் தானாகப் போய் அதே இடத்தில் அழுந்தும். கண்ணை மூடிப் பார்த்தாள். பெருவிரலில் துணியைச் சுற்றினாள். ஆள்காட்டி விரல் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. பதினோரு கோப்பைகள். பதினொன்றும் அண்ணாச்சியின் சாம்பிள்.

“இதும் அந்த ஆர்டருக்காக்கா?” என்று இசைவாணி நல்ல மனதோடுதான் கேட்டாள்.

ஷைலா எழுந்து இடத்தைக் கொடுத்தாள். “நீ ஒண்ணு செய்டி. உனக்குப் புடிச்ச மாதிரி.”

மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் இசைவாணி சக்கரம் பழகியிருந்தாள். நெட்டுக்குத்தாக, வழவழவென்று, ஒரு சுளிவு இல்லாமல் ஒன்றை எழுப்பி நிறுத்தினாள். அந்தப் பள்ளமே தனக்குப் பிடிக்காது என்று அப்போதுதான் சொன்னாள். மூன்று மாதத்தில் அந்தக் குடோனில் யாருடைய சாம்பிளையும் பாராமல் பிறந்த கோப்பை அது ஒன்றுதான். அதையே அனுப்பிவிடலாமா என்று ஷைலாவுக்கு ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. அடுத்த நிமிஷம் வெட்கமாகிவிட்டது. கடைசிச் சூளையில் மற்றவற்றோடு வைத்தாள்.

கோப்பைகளை ஏற்றிப்போக அண்ணாச்சியின் மேனேஜர் முனியராஜ் வந்தார். ஒவ்வொன்றிலும் பெருவிரலை வைத்துப் பார்த்துப் பெட்டியில் அடுக்கினார். இசைவாணியின் கோப்பையில் விரல் வழுக்கிக்கொண்டு போனது.

“இது டேமேஜ்,” என்று ஓரமாக வைத்தார். இசைவாணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்த வருஷத்துக்கு ஆயிரம் என்று அண்ணாச்சி சொல்லச் சொன்னதை முனியராஜ் வண்டியில் ஏறிக்கொண்டே சொன்னார்.

இந்த முறை இயலவில்லை என்று ஷைலா ஜப்பானுக்கு இரண்டு வரி எழுதிப் போட்டாள்.

இசைவாணி கொடுத்துவிட்ட அந்த டேமேஜில்தான் இப்போது வீட்டில் ஷைலா டீ குடிக்கிறாள். ஒருவழியாகப் பிள்ளைக்கு நேரான டம்ளர் செய்ய வந்துவிட்டதே என்று தெருவுக்கு நிம்மதி. ஞானஜோதி அதைத் துடைத்து அலமாரியில் முன்னால் வைக்கிறாள். டீ ஆறும்வரை ஷைலாவின் பெருவிரல் மட்டும் விளிம்புக்குக் கீழே மேலும் கீழும் நகர்ந்து, அங்கே இல்லாத பள்ளத்தைத் தேடிக்கொண்டிருக்கும்.