சரக்குத் தீர்ந்த கார்ட்டூன் கம்பெனி

பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேசப் போனால், அறை வாசலில் ஒரு ஆள் நிற்க வேண்டும் என்பது எங்கள் குடும்பத்து ஏற்பாடு. என் அக்கா மகள் ஸ்மைலினைப் பெண் பார்க்க வந்த அன்று அந்த வேலை என் தலையில் விழுந்தது.

சம்பளம், சமையல், சபை என்று பேசுவார்கள் என நினைத்தேன். இரண்டும் கார்ட்டூனைப் பிடித்துக்கொண்டன. அமெரிக்காவில் ஏதோ அனிமேஷன் ஸ்டுடியோவாம். அதன் பழைய படங்களைச் சி.டி. தேயத் தேயப் பார்த்துத்தான் எங்கள் பெண் அந்தப் படிப்பையே படித்தாள். இப்போது திருவனந்தபுரத்தில் அதே வேலை. மாப்பிள்ளை ஜெப்சனுக்கும் அந்தப் படங்கள் என்றால் உயிராம். பிறகு என்ன, ஒத்துப்போக வேண்டியதுதானே?

"அவங்க சரக்கு தீந்து போச்சுங்க. பழைய படத்துக்கே ரெண்டாம் பாகம், மூணாம் பாகம்னு இழுக்காங்க" என்றான் அவன்.

"படம் அப்படியேதான் இருக்கு. நீங்க வளந்துட்டீங்க, அதாக்கும் விசயம்" என்றாள் இவள்.

சத்தம் ஏறி முன்னறைக்கே கேட்டது. அவனுடைய அப்பா ஜெபதாஸ் கடித்த முறுக்கைத் தட்டில் வைத்தார். "பொம்மைப் படத்துக்கே இந்தச் சண்டைன்னா, நாளைக்குக் குடும்பம் நடத்துறது எப்பிடி?" என்றார். முடிவு ஜெபம்கூடப் பண்ணாமல் கிளம்பிவிட்டார்கள்.

அடுக்களையில் ஸ்மைலின் அழுதாள். "சித்தி, அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

"பிடிச்சவன்ட்ட வாயை மூடிட்டு இருக்கத் தெரியாதாட்டி?" என்று ஏசினேன். இதற்கு முன் வந்தவர்களை அவள் ஏறிட்டும் பார்த்ததில்லை. எனக்கும் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

அந்த வாரமே ஜெப்சன் போன் செய்தான். அதே ஸ்டுடியோவின் புதுப்படம் திருவனந்தபுரத்தில் ஓடுகிறதாம், சேர்ந்து பார்க்கலாமா என்று கேட்டான். ஜெபதாஸ் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: துணைக்கு நான் போக வேண்டும், மறுபடி சண்டை என்று கேள்விப்பட்டால் சம்பந்தப் பேச்சே கிடையாது.

சனிக்கிழமை நாகர்கோவிலில் மூவரும் ரயிலேறினோம். "படத்தைப் பத்தி ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசப்பிடாது, கேட்டியளா மக்களே" என்று முதலிலேயே சொல்லிவைத்தேன். தியேட்டரில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். 3டி படமென்று கையில் கொடுத்த, மூக்கில் நிற்காத ஒரு கறுப்புக் கண்ணாடி வேறு.

கடைசிக் கட்டத்தில் பக்கத்தில் ஒரு விசும்பல். ஜெப்சன்! என் கைக்குட்டையைக் கொடுத்தேன். சொன்னால் வெட்கம், சற்று நேரத்தில் கண்ணைத் துடைக்க அதை அவனிடமிருந்து நானே திருப்பி வாங்க வேண்டியிருந்தது.

வெளியே வந்து படியிறங்கும்போதே அவன் ஆரம்பித்தான். "நான் சொன்னது தப்புங்க. சரக்கு தீரல்ல."

"அழுதா நல்ல படமா? முதல் பாதியில ஒண்ணுமே இல்ல. நீங்க சொன்னதுதான் சரி, அவங்க நல்ல காலம் முடிஞ்சாச்சு."

"அதெப்படி முடியும்? அந்தக் கடைசி சீனை வேற யாரு எடுப்பா?"

"ஒரு சீன் வச்சு ஒரு படமா?"

எனக்குத் தலை சுற்றியது. அன்று அவன் சொன்னதை இன்று இவள் சொல்கிறாள், இவள் சொன்னதை அவன் சொல்கிறான். சத்தம் மட்டும் அதே சத்தம். போகிற வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். இருவர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோசம். என் வீட்டுக்காரரும் நானும் இத்தனை வருசத்தில் ஒரு சண்டை போட்டதில்லை. பேசினால்தானே சண்டை வரும். உண்மையைச் சொல்கிறேன், பொறாமையாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஜெபதாஸ் போன் செய்தார். பின்னால் கேட்கிற சத்தத்தை மறைக்க முடியுமா?

"சண்டையா?" என்றார்.

"சண்டைதான். மேற்கொண்டு அடுத்த பாகமும் வரும்னு அவியளே பேசிக்கிடுதாவ. அதையும் பாக்கணுமாம்."

"அப்ப நான் என்ன செய்ய?"

"சபையில கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லுங்க. கல்யாணம் பண்ணாம எத்தனை படத்துக்குத்தான் நான் நடுவுல உக்காருவேன்?"